அம்மாவுக்கு எடம் விடுங்க

ஸ்பிரிங்வெளி தோட்டத்தில் கவ்வாத்து வெட்டுகிற மருதமுத்துவின் கையைப் பார்த்தவர்கள், இந்தக் கையா போனில் வீடியோ வெட்டுகிறது என்று கேட்காமல் போனதில்லை. இருபத்தாறு வருசம் கத்தி பிடித்த கை. தேயிலைச் செடியை முழங்கால் உயரத்துக்கு வெட்டி இறக்குகிற வேலை அது. விரல் நுனியெல்லாம் காய்த்துப்போய்க் கிடக்கும். போன் திரைக்கு அந்த விரல்கள் விரலாகவே தெரியாது. ஆள்காட்டி விரலால் பத்துத் தரம் தட்டினாலும் அசையாது. பதினோராவது தரம் அசைந்தால் வேண்டாத இடத்தில் வெட்டிவிடும். அதனால் அவர் இடது கைச் சுண்டு விரலால்தான் வீடியோ வெட்டுவார். கத்தி வேலைக்கு உதவாத அந்த ஒரு விரல்தான் பூப்போல இருந்தது.

ஆறாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டவர். வயது நாற்பத்தெட்டு. பேச்சில் இனிப்பெல்லாம் கிடையாது. ஆனாலும் தோட்டத்தில் ஒரு சடங்கு, ஒரு கல்யாணம், ஒரு தேர் என்றால் ஆள் அனுப்பி அவரைத்தான் கூப்பிடுவார்கள். பதுளை டவுனில் ஸ்டூடியோக்காரர் இருக்கிறார். பெரிய கேமரா, குடை விளக்கு, கம்ப்யூட்டர் எல்லாம் வைத்திருக்கிறார். சும்மா சொல்லக்கூடாது, அவர் வீடியோ கண்ணாடி மாதிரி இருக்கும். ஆனால் அது கைக்கு வர மூன்று மாசம் ஆகும். மருதமுத்து காலையில் பிடித்ததை அன்று பொழுது சாய்வதற்குள் பாட்டும் பூவும் போட்டு, குவைத்திலும் சவூதியிலும் இருக்கிற பெண்பிள்ளைகளுக்கு அனுப்பிவிடுவார். மேசை வேண்டாம், கரண்ட் வேண்டாம். சாப்பாட்டு நேரத்தில் மலையிலேயே சவுக்கு மரத்தடியில் குந்தியபடி ஒரு கல்யாணத்தை முடித்துவிடுவார். அவருக்கு அதில் ரொம்பப் பிடித்தது வளைந்த அம்புக்குறி. கத்தியில் வெட்டியது வெட்டியதுதான். போனில் அந்த அம்பை அமுக்கினால் வெட்டியது மறுபடி ஒட்டிக்கொள்ளும்.

தொல்லையும் இல்லாமல் இல்லை. அரை மணித்தியாலம் வேலை செய்தால் போன் ஸ்திரிப்பெட்டி மாதிரி கொதிக்கும். பெற்றரி கண் முன்னாலேயே இறங்கும். வீடியோ வெட்டி முடிந்து கடைசியாக ஒன்றாய்ச் சேர்ந்து வருகிற நேரத்தில் யாராவது கோல் எடுத்தால் எல்லாம் போச்சு, முதலிலிருந்து தொடங்க வேண்டும். ஒருநாள் தொண்ணூறு வீதம் வந்திருந்தது. கங்காணி கோல் எடுத்தார்.

"என்னா மருதமுத்து, போன எடுக்க இம்புட்டு நேரமா?"

"நீங்க கோல் எடுத்ததுனாலதான் கங்காணி, ஒரு கலியாணம் நின்னு போச்சு."

கங்காணி பதறிப்போய் யார் கல்யாணம் என்று கேட்டாராம். மருதமுத்து பதில் சொல்லாமல் வைத்துவிட்டார்.

எல்லாவற்றையும் விட அவருக்குப் பேர் வாங்கிக் கொடுத்தது வேறொரு வேலை. தோட்டத்தில் பாதி வீட்டில் அம்மாமார் வெளிநாட்டில். மகள் பெரியவளாகி, தண்ணி வார்த்து, சேலை கட்டி நிறுத்துகிற நேரத்தில் பக்கத்தில் நிற்கப் பெற்றவள் இருக்க மாட்டாள். மருதமுத்து அவளைக் கொண்டுவந்து நிறுத்துவார். குவைத்திலிருக்கிற அம்மா ஒரு வெள்ளைச் சுவருக்கு முன்னால் நின்று, பூ அரிசி தூவுகிற மாதிரி கையை அசைத்து ஒரு துண்டு வீடியோ அனுப்ப வேண்டும். அவர் போனில் சுவரை அழித்துவிட்டு ஆளை மட்டும் எடுத்து மகளுக்குப் பக்கத்தில் வைத்துவிடுவார். அதற்குத் தோதாக, சடங்கு நடக்கிற இடத்தில் மகளை நிறுத்தியதும் சத்தம் போட்டுச் சொல்வார், "அம்மாவுக்கு எடம் விடுங்க." உடனே கூட்டம் விலகும். ஒரு ஆள் நிற்கிற அகலத்துக்கு வெறும் இடம் கிடக்கும். அந்த இடத்தை யாரும் மிதிக்க மாட்டார்கள். சின்னப் பிள்ளைகள் ஓடினால்கூடப் பிடித்து இழுத்துக்கொள்வார்கள்.

இப்படி இருபது, முப்பது வீட்டு அம்மாமாரைக் கொண்டுவந்து நிறுத்தியவருக்கு, தன் வீட்டு முறை வந்தது.

அவருடைய மனைவி புஷ்பராணி குவைத்துக்குப் போய் ஆறு வருசம். போகும்போது மகள் விதுஷாவுக்கு எட்டு வயது. இரண்டு வருசம் என்றுதான் போனாள். முடிகிற நேரத்தில் கொரோனா வந்து விமானம் நின்றது. அடுத்த இரண்டு வருசம் முடிகிற நேரத்தில் நாட்டில் எண்ணெய்க்கும் காஸுக்கும் வரிசை. இப்போது போய் என்ன செய்யப்போகிறாய் என்று அங்கேயே இருத்திவிட்டார்கள். மூன்றாம் இரண்டு வருசம் இந்த மார்கழியோடு முடிகிறது. அவள் வேலை செய்கிற வீட்டு மேடம் இன்னும் இரண்டு வருசம் நிற்கச் சொல்லிக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

மருதமுத்துவுக்கு அவள் வர வேண்டும். வேறு ஒன்றும் வேண்டாம். ஆனால் வா என்று வாய்விட்டுச் சொல்ல அவருக்கு வரவில்லை. தோட்டத்தில் கொடுத்த துண்டு நிலத்தில் வீட்டுச் சுவர் எழும்பி, கூரை இல்லாமல் மழையில் நனைந்துகொண்டிருந்தது. கூரையைப் போட்டுவிட்டுத்தான் வருவேன் என்று அவள் சொல்லியிருந்தாள். தன்னால் போட முடியாத கூரைக்காகப் போனவளை எந்த வாயால் வரச் சொல்வது.

அவளுக்கு வெள்ளிக்கிழமைகளில் ஒரு மணித்தியாலம்தான் போன் கிடைக்கும். சடங்குக்கு முந்தின வெள்ளி அவளே பேச்சை எடுத்தாள்.

"என்னாங்க, மேடம் திரும்பவும் கேட்டாங்க. எனக்கு மனசு ஒரு பக்கமும் சாயல. சடங்கு வீடியோ வரட்டும், பாத்துட்டு ஒரு முடிவு சொல்றேன்னுட்டேன்."

"ம்," என்றார் மருதமுத்து.

போனை வைத்த பிறகு அவருக்கு உடம்பெல்லாம் பரபரத்தது. வாயால் சொல்ல முடியாததை வீடியோவால் சொல்லிவிடலாம். பார்த்த உடனே மூட்டை கட்டிக்கொண்டு ஓடிவருகிற மாதிரி ஒரு வீடியோ. இத்தனை வருசம் ஊரான் வீட்டுக்குச் செய்ததெல்லாம் இதற்குப் பழகத்தான் என்று நினைத்துக்கொண்டார்.

சடங்கு நன்றாகத்தான் நடந்தது. தாய்மாமன் சீர் கொண்டுவந்தார். மருதமுத்துவின் அக்கா இராக்கம்மா முன்னால் நின்று தண்ணி வார்த்தாள். சேலை கட்டி, லயத்து வரிசை வீட்டு வாசலில் விதுஷாவை நிறுத்தினார்கள். மருதமுத்து போனை நெடுக்காகப் பிடித்தார். செருமிக்கொண்டு, "அம்மாவுக்கு எடம் விடுங்க," என்றார்.

பெண்கள் விலகினார்கள். இராக்கம்மா வெறும் இடத்தைக் கண்ணால் அளந்து பார்த்தாள்.

"இம்புட்டு எடம் போதுமா தம்பி? அவ போகயிலயே நல்லா சதை போட்டுருந்தா."

எல்லாரும் சிரித்தார்கள். விதுஷாவும் சிரித்தாள். மருதமுத்து போனுக்குப் பின்னால் முகத்தை வைத்துக்கொண்டார்.

புஷ்பராணியின் துண்டு வீடியோ அதற்கு முன்பே வந்திருந்தது. அங்கே பக்கத்து வீட்டில் வேலை செய்கிற வெலிமடைக்காரி நளீரா போனைப் பிடித்திருந்தாள். துணி துவைக்கிற மெசினுக்குப் பக்கத்தில் ஒரு வெள்ளைச் சுவர். புஷ்பராணி கொண்டுபோன ஒரே நல்ல சேலையைக் கட்டியிருந்தாள். மேடம் வீட்டு நீள அரிசியை ஒரு கையில் எடுத்து, பக்கத்தில் மகள் நிற்கிற மாதிரி நினைத்து மூன்று தரம் தூவினாள். கடைசியில் சட்டென்று குனிந்து எதையோ செய்தாள். மருதமுத்து அந்தக் கடைசியை வெட்டிவிட்டார்.

சுவரை அழித்து அவளை விதுஷாவுக்குப் பக்கத்தில் வைத்தபோது அவள் சின்னதாக விழுந்தாள். தோளுக்கு மேலே எட்டிப் பார்த்த இராக்கம்மா முகத்தைச் சுளித்தாள்.

"என்னா தம்பி இது, அம்மாக்காரி மாதிரியா இருக்கு? தங்கச்சிய கொண்டாந்து நிப்பாட்டுன மாதிரி இருக்கு."

மருதமுத்து சுண்டு விரலை அவள் படத்தின் மூலையில் வைத்து இழுத்தார். புஷ்பராணி வளர்ந்தாள். மகளின் காது வரை வந்தாள், தலைக்கு மேலே போனாள். விதுஷா அவள் தோளளவுக்கு வந்ததும் நிறுத்தினார். அதுதான் கண்ணுக்கு லட்சணமாக இருந்தது. மற்ற வீட்டு அம்மாமாரையும் அவர் அப்படித்தான் வைப்பார், மகளை விட ஒரு தலை உயரமாக. யாரும் இதுவரை குறை சொன்னதில்லை.

மற்ற பெண்கள் கூட நிற்கிற இடங்களில் புஷ்பராணி அவர்கள் தலைக்கும் மேலே நின்றாள். அந்த இடங்களை வெட்டி எறிந்தார். லயத்துக் கூரை ஒழுக்குக்கு வைத்த வாளி ஒரு மூலையில் தெரிந்தது, அதையும் வெட்டினார். இராக்கம்மாவின் கத்தல், பிள்ளைகளின் அழுகை, தப்பு மேளச் சத்தம், யாரோ இருமியது எல்லாவற்றையும் அமுக்கிவிட்டு மேலே ஒரு பாட்டைப் போட்டார். முகங்களை வெளுப்பாக்கினார். மேலிருந்து ரோசாப்பூ கொட்டுகிற மாதிரி செய்தார். மூன்று மணித்தியாலம் நாலு நிமிசமானது.

விதுஷா வாங்கிப் பார்த்தாள்.

"அப்பா, இது நானா?"

"பின்ன யாரு?"

"சின்னப் புள்ள மாதிரி இருக்கேன்."

"நீ சின்னப் புள்ளதான். போ, போய் படி."

போனில் இடம் நிரம்பிவிட்டது என்று வழக்கம்போலச் சிவப்பு எழுத்து வந்தது. மருதமுத்துவும் வழக்கம்போலச் சடங்கில் பிடித்ததையெல்லாம் அழித்தார். அழித்தது போய்ச் சேர்கிற குப்பைக் கூடையையும் காலியாக்கினார். வேலை முடிந்த பிறகு மூலத்தை வைத்திருந்து என்ன செய்வது. எந்த வீட்டிலும் அவர் வைத்திருந்ததில்லை.

வெள்ளிக்கிழமை நாலரைக்குத் தண்ணித் தொட்டிக்குப் பக்கத்து ரோட்டு முடக்கில் போய் நின்றார். தோட்டத்தில் சிக்னல் உருப்படியாகக் கிடைக்கிற இடம் அது ஒன்றுதான். வீடியோ போனது. ஒரு குறி விழுந்தது, இரண்டாவது விழுந்தது, இரண்டும் நீலமாயின. அவர் பீடி பற்றவைக்க மறந்து கையில் வைத்திருந்தார். ஐம்பத்தைந்து நிமிசம் கழித்து அவள் குரல் பதிவாகி வந்தது.

"என்னாங்க, பாத்தேன். நளீராவும் பாத்தா. அஞ்சு தரம் பாத்துட்டோம். அழுகையா வந்துச்சு, அப்புறம் சரியாப் போச்சு. எம்புட்டு அழகா செஞ்சிருக்கீங்க. எல்லாரும் சந்தோசமா இருக்கீங்க, பாக்கவே நெறைஞ்சு போச்சு. நானும் அங்கதானே நிக்கிறேன். வந்துட்டுப் போன மாதிரியே மனசு ஆறிருச்சுங்க. புள்ள இன்னும் என் தோளுக்குத்தான் வந்திருக்கா. பெரிய ஆளா ஆயிருப்பான்னு நான் பயந்துகிட்டு கெடந்தேன். இன்னும் ரெண்டு வருசம் நின்னா கூரையும் போட்டுரலாம், சிமெந்து நெலமும் போட்டுரலாம். அப்ப வந்தாலும் அவ எனக்குப் புள்ளையாத்தான் இருப்பா. மேடம்கிட்ட சரின்னு சொல்லிட்டேன். அடுத்த வெள்ளி கழிச்சு ஞாயித்துக்கெழம கையெழுத்து."

மருதமுத்து அதை மூன்று தரம் கேட்டார். திருப்பிக் கோல் எடுத்தார். மணி போகவில்லை. அவளுடைய ஒரு மணித்தியாலம் முடிந்துவிட்டது.

அழைத்துவர அனுப்பிய வீடியோ அவளை அங்கேயே குந்தவைத்துவிட்டது. இதை யாரிடம் போய்ச் சொல்வது. முடக்கிலிருந்து இறங்கி வரும்போது இராக்கம்மா குழாயடியில் நின்று கேட்டாள், "பாத்தாளா தம்பி? என்னா சொன்னா?" அவர், "நல்லா இருக்குன்னா," என்றார். அதுவும் பொய் இல்லை.

சனிக்கிழமை வேலை விட்டு வந்ததும் வீடியோவை மறுபடி திறந்தார். புஷ்பராணியைச் சின்னதாக்க வேண்டும், பாட்டை எடுக்க வேண்டும், வாளியைத் திருப்பி வைக்க வேண்டும். திறந்தால் முழுக்கக் கறுப்பு. ஒவ்வொரு துண்டும் இருந்த இடத்தில் கறுப்புக் கட்டம். வளைந்த அம்பை அமுக்கினார். அமுக்கிக்கொண்டே இருந்தார். ஒன்றும் திரும்பி வரவில்லை. புஷ்பராணியின் துண்டு மட்டும் அவள் அனுப்பிய இடத்தில் இருந்ததால் தப்பியிருந்தது. கறுப்புக்கு நடுவில் அவள் தனியாக நின்று யாருமில்லாத பக்கம் அரிசி தூவினாள்.

அந்தத் துண்டை முழுசாகப் போட்டுப் பார்த்தார். அவர் வெட்டி எறிந்த கடைசியும் அதில் இருந்தது. மேடம் வருவதற்குள் புஷ்பராணி குனிந்து, தரையில் விழுந்த அரிசியை ஒவ்வொன்றாகப் பொறுக்கிச் சேலைத் தலைப்பில் போட்டுக்கொண்டிருந்தாள்.

திங்கள் மத்தியானம் பஸ் ஏறிப் பதுளைக்குப் போனார். பஸ் நிலையத்துக்கு எதிரே போன் கடை வைத்திருக்கிற ஸனூஸ்தான் வீடியோ வெட்டுகிற ஆப்பை முதன்முதல் அவருக்குப் போட்டுக் கொடுத்தவர்.

"அழிச்சத எடுக்க ஏலுமா ஸனூஸ் தம்பி?"

"குப்பைக் கூடையில பாத்தீங்களா அண்ணே?"

"அதையும் கழுவி ஊத்திட்டேன்."

ஸனூஸ் போனை வாங்கி என்னென்னவோ செய்துபார்த்தார். தலையை ஆட்டினார்.

"ஏலாதண்ணே. இந்த ஆப் உங்கட வீடியோவ எடுத்து வச்சிக்கொள்றதில்ல. எங்க இருக்குன்னு அட்ரஸ மட்டும்தான் வச்சிருக்கும். நீங்க வீட்டையே இடிச்சுப் போட்டீங்க. இப்ப அந்த அட்ரஸுக்குப் போய் யாரு கதவத் தொறக்குறது?"

"அப்ப கம்ப்யூட்டர்ல செஞ்சிருந்தா?"

"அதுவும் அப்படித்தான். ஆனா அதுல எடம் தாராளமா இருக்கும், யாரும் அவசரப்பட்டு அழிக்கமாட்டாங்க. போன்ல நாலு கலியாணம் பிடிச்சா அஞ்சாவதுக்கு எடமில்லையே."

அனுப்பின வீடியோவையாவது காட்டுங்கள் என்று ஸனூஸ் அதைக் கடையிலிருந்த பெரிய டீவியில் போட்டார். மருதமுத்து தான் வெட்டிய வீடியோவைப் பெரிசாகப் பார்ப்பது அதுதான் முதல் தரம். உள்ளங்கை அகலத் திரையில் தெரியாததெல்லாம் தெரிந்தது. புஷ்பராணியைச் சுற்றி வெள்ளையாய் ஒரு கோடு. தூவுகிற கையில் இரண்டு விரலைக் காணோம். விதுஷாவின் நிழல் ஒரு பக்கம் விழ, அம்மாவுக்கு நிழலே இல்லை.

"அண்ணிட காலு தரையில படல அண்ணே," என்றார் ஸனூஸ் மெதுவாக.

மருதமுத்து அதைப் பார்க்கவில்லை. அவர் மகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். விதுஷாவுக்குப் பின்னால் அவர்கள் லயத்துக் கதவு. அந்தக் கதவை அவருக்குத் தெரியும். அதில் மேல் தாழ்ப்பாளுக்குக் கிட்ட இருந்தது மகளின் தலை. அங்கே எப்போது போனாள்? தினமும் கூடவே இருக்கிறவருக்குத் தெரியாமல் போயிருக்கிறாள்.

பஸ்ஸில் திரும்பி வரும்போது கட்டுநாயக்கா விமான நிலையம் நினைவுக்கு வந்தது. ஆறு வருசத்துக்கு முன்னால், உள்ளே போகிற வாசலில் ஆட்கள் நெருக்கித் தள்ளியதில் புஷ்பராணியின் உச்சந்தலை அவர் மோவாயில் நேராக இடித்தது. நாக்கைக் கடித்துக்கொண்டார். இரத்தம் வந்தது. அவள், "வலிக்குதா," என்று கேட்டுக்கொண்டே உள்ளே போனாள். இரண்டு நாள் சோற்றில் உப்புப் பட்டால் எரிந்தது. அந்த எரிச்சல் ஆறிய பிறகு கொஞ்ச நாள் அது இல்லையே என்றிருந்தது அவருக்கு. அப்படியானால் அவள் உயரம் அவர் மோவாய். அதை அளக்க வேறு எதுவும் தேவையில்லை.

வீட்டுக்குப் போனதும் மகளைக் கூப்பிட்டார்.

"இங்க வா. பக்கத்துல நில்லு."

"எதுக்குப்பா?"

"நில்லுங்கிறேன்."

நின்றாள். அவள் உச்சி அவருடைய மூக்கு நுனிக்கு வந்தது.

தன் மோவாயிலிருந்து மூக்கு வரை விரல்களை வைத்து அளந்து பார்த்தார். விதுஷா ஓரக்கண்ணால் பார்த்தாள்.

"அம்மாவ பெருசாக்குனதுக்குத்தானே இந்த மொகம்?"

"ஒனக்கு தெரியுமா?"

"கண்ணு இல்லையா எனக்கு. என் கை பக்கத்துல அம்மா கை பப்பாசிக்காய் மாதிரி இருந்துச்சு. நீங்க ஆசையா செஞ்சீங்க, நான் வாய மூடிக்கிட்டேன்."

வியாழக்கிழமை பகல், வெளிச்சம் நன்றாக இருக்கும்போது, மருதமுத்து போனை அக்காவிடம் கொடுத்தார். சிவப்புப் பொட்டை ஒரு தரம் அமுக்க வேண்டும், அவர் சொல்கிற வரை விடக்கூடாது, அவ்வளவுதான். இராக்கம்மா போனை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்தாள். பெருவிரல் ஒரு மூலையை மறைத்தது. பின்னால் யாரோ வாளியை வைக்கிற சத்தம், கோழி, பக்கத்து வீட்டுக் காம்பராவில் ரேடியோ, எல்லாம் வந்தது. மருதமுத்துவும் விதுஷாவும் சுவரோரமாகச் சேர்ந்து நின்றார்கள். அவர் போனைப் பார்த்துப் பேசியது அன்றுதான். மற்றவர்களை எத்தனை தரம் பேசச் சொல்லியிருக்கிறார்.

"புஷ்பம். இது வெட்டல. நீ எனக்கு இவ்வளவு." கையைத் தட்டையாக மோவாயில் வைத்தார். "கட்டுநாயக்கால இடிச்சியே, அந்த எடம். இவ இவ்வளவு." கையை மகள் தலைமேல் வைத்து அப்படியே தன் மூக்குக்குக் கொண்டுவந்தார். "நடுவுல நாலு வெரலு. சடங்குல நீ பெருசா நின்னது நான் இழுத்து விட்டது. இழுத்தா வளருது அதுல."

"போதுமா தம்பி, கை கடுக்குது," என்று இராக்கம்மா சொன்னதும் அதில் பதிந்தது. அவர் அழிக்கவில்லை. ஐம்பது வினாடி. அடுத்த நாள் நாலரைக்கு முடக்கில் நின்று அப்படியே அனுப்பினார்.

நீலம் விழுந்தது. பத்து நிமிசம், இருபது நிமிசம். அவளுடைய மணித்தியாலம் கரைந்துகொண்டிருந்தது. நாற்பதாவது நிமிசத்தில் கோல் வந்தது. முகம் காட்டாத கோல், குரல் மட்டும்.

"என்னாங்க."

"சொல்லு."

"பாட்டு போடல."

"போடல."

"அக்கா பெருவெரல் பாதி படத்த மறைச்சிருச்சு."

"ஆமா."

அங்கே தண்ணீர் ஓடுகிற சத்தம் கேட்டது. குழாயைத் திறந்துவிட்டுப் பேசுகிறாள் என்று அவருக்குப் புரிந்தது. அழுகிற சத்தம் வெளியே கேட்கக்கூடாது.

"நாலு வெரலு," என்றாள். "யாரக் கேட்டு வளந்தா?"

"அத நீதான் வந்து கேக்கணும்."

சொல்லிவிட்டார். ஆறு வருசம் தொண்டையில் கிடந்தது அவ்வளவு லேசாக வெளியே விழும் என்று அவர் நினைக்கவில்லை.

"கூரை?"

"கூரை கெடக்கட்டும். தகரத்தப் போட்டுக்குவோம். மழை பேஞ்சா சத்தம் கேக்கும், அம்புட்டுத்தானே."

"தகரம் வெயில்ல கொதிக்குமே."

"வெயிலு எங்க இருக்கு இங்க? ஆறு வருசத்துல ஊரையே மறந்துட்ட."

அவள் சிரித்தாளா மூக்கை உறிஞ்சினாளா என்று தெரியவில்லை. கோல் அறுந்துவிட்டது.

அந்த ஞாயிற்றுக்கிழமை என்ன நடந்தது என்று தெரிய அவர் இன்னொரு வெள்ளி வரை பொறுக்க வேண்டியிருந்தது. அந்த வாரம் மலையில் அவர் போனை வெளியே எடுக்கவில்லை. கவ்வாத்துக்காரர்கள், போன் உடைந்துவிட்டதா என்று கேட்டார்கள். ஒரு கல்யாண வீட்டுக்காரர் தேடி வந்தார், உடம்பு சரியில்லை என்று அனுப்பிவிட்டார்.

வெள்ளிக்கிழமை குரல் வந்தது.

"கையெழுத்து வைக்கலங்க. மேடம் மொகத்த தூக்கி வச்சிருக்காங்க. நாலு நாள் பேசல. அப்புறம் அந்த வீடியோவ காட்டுனேன். பாஷை புரியல அவங்களுக்கு, ஆனா நீங்க கைய வச்சு காட்டுனது புரிஞ்சிருச்சு. நோம்பு மாசம் முடியிற வரைக்கும் நிக்கச் சொல்றாங்க, அந்த மாசம் வீட்டுல வேலை ஜாஸ்தி. பெருநா முடிஞ்சதும் டிக்கெட் போட்டுத் தர்றேன்னு நளீரா முன்னால சொல்லியிருக்காங்க. பன்னெண்டு வெள்ளி." நடுவில் நிறுத்தினாள். "இன்னொன்னு. அதுவரைக்கும் வீடியோ ஒன்னும் அனுப்பாதீங்க. வெட்டுனதும் வேணாம், வெட்டாததும் வேணாம். இனி அவ வளர்றத நான் வந்து பாத்துக்கிறேன். அந்த நாலு நிமிசத்த மட்டும் அழிக்காம வச்சிருக்கேன். அதுல நான் பெரிய ஆளு மாதிரி நிக்கிறேன், இருந்துட்டுப் போகட்டும்."

மருதமுத்து கல்யாண வீட்டுக்காரருக்கு ஆள் அனுப்பி, உடம்பு சரியாகிவிட்டது, வருகிறேன் என்றார். வேலைகள் பழையபடி நடந்தன. ஒன்றுதான் மாறியது. சடங்கு வீடுகளில் யாராவது பெற்றவளின் துண்டு வீடியோவைக் கொண்டுவந்து கொடுத்தால், அந்தப் பொம்பளை புருசனுக்கு எதுவரை வருவாள் என்று முதலில் கேட்டார். பாதிப் பேருக்குத் தெரியவில்லை. தெரியாதவர்கள் வீட்டில் அவர் அம்மாவைச் சேர்க்கவில்லை. "ஒனக்கென்னா கிறுக்கா மருதமுத்து," என்று ஒரு ஆள் கோபித்துக்கொண்டு டவுன் ஸ்டூடியோவுக்குப் போனார். போகட்டும் என்று விட்டுவிட்டார்.

ஒரு ஞாயிறு காலை விதுஷா தலைக்குக் குளித்துவிட்டு வாசல் வெயிலில் நின்று கூந்தலை உதறினாள். துணி காயப்போடுகிற கம்பியில் முடி சிக்கிக்கொண்டது. போன வருசம் அந்தக் கம்பிக்குக் கீழே நிமிர்ந்து நடந்தவள். இப்போது தலையைச் சாய்த்து, கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு, முணுமுணுத்தபடி முடியை விடுவித்தாள். திட்டுகிற சாடை அப்படியே புஷ்பராணி. மருதமுத்துவின் கை தானாகச் சட்டைப்பைக்குப் போய், போனைப் பாதி வெளியே இழுத்துவிட்டது. அப்படியே நிறுத்தி, மறுபடி உள்ளே தள்ளினார். எழுந்துபோய்க் கம்பியை அவிழ்த்து ஒரு சாண் உயர்த்திக் கட்டினார்.

இன்னும் ஒன்பது வெள்ளி இருந்தது.